கால் சுமக்கும் கணக்கு

நாற்கால் விலங்குகள் தம் உடலின் எடையை நான்கு கால்களுக்குப் பங்கிட்டு வாழ்கின்றன. மனிதனோ நிமிர்ந்து நின்ற நாள்தொட்டு அம்முழு எடையையும் இரண்டு கால்களின்மேல் ஏற்றிவிட்டான். நடக்கத் தொடங்கினால் அந்த இரண்டும் ஒன்றாகிவிடும். ஒரு கால் முன்னே செல்லும் நேரத்தில் மற்றொரு கால் தனியே நின்று உடலைத் தாங்குகின்றது. இவ்வளவு பெரிய பொறுப்பை மேற்கொண்ட உறுப்பைப் பற்றி, அது வலியெடுக்கும்வரையில் நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

இக்காலத்தில் இருதய நோய்க்கும் நீரிழிவுக்கும் உடற்பருமனுக்கும் மருந்தாக மருத்துவர்கள் பயிற்சியை விதிக்கின்றனர். வேகநடை, மென்னோட்டம், மிதிவண்டி, படியேற்றம், நீச்சல், துடுப்பு வலித்தல் ஆகிய இவையெல்லாம் மூச்சை நிறைத்து இருதயத்தை வலுப்படுத்துவன என்பதில் ஐயமில்லை. இருதயத்தின் கணக்கில் இவை ஏறக்குறைய ஒரே வரிசையில் வைக்கத் தக்கவை. காலின் கணக்கிலோ இவற்றிடையே மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு உண்டு. அவ்வேறுபாடு எத்துணை, அதனை மனிதர் எவ்வாறு அளந்தறிந்தனர், அந்த அறிவு நமக்கு எவ்விதம் பயன்படும் என்பனவற்றை இப்பேச்சில் ஆராய்வோம். இதற்கு ஏற்ற களமாக நாம் தேர்ந்துகொள்வது கொச்சி நகரம்.

கொச்சியின் எர்ணாகுளக் கரையில் பிராட்வே என்றொரு வணிகத் தெரு உண்டு. அகன்ற வழி என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரைத் தாங்கிய அத்தெரு, உண்மையில் இரு மருங்கும் கடைகள் நெருக்கும் குறுகிய தெருவாகும். துணியும், பாத்திரமும், மளிகைச் சரக்கும், மணப்பொருள்களும் அங்கு விற்பனையாகின்றன. அதனை அடுத்து எர்ணாகுளம் சந்தை. சந்தைக்குள் சரக்குத் தோணிகள் வந்து சேரத்தக்க வாய்க்கால் ஒன்றும் உண்டு. மேற்கே சிறிது தொலைவில் சண்முகம் சாலை. 1935 முதல் 1941 வரை கொச்சி அரசின் திவானாக விளங்கியவரும், பின்னர் விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நிதியமைச்சரானவருமாகிய கோவைத் தமிழர் ஆர். கே. சண்முகம் செட்டியாரின் பெயரை அச்சாலை தாங்கி நிற்கின்றது. ஒரு காலத்தில் அச்சாலையின் ஓரம்வரை காயல்நீர் அலைத்தது. பின்னாளில் காயலைத் தூர்த்து எடுத்த நிலத்தில் மரைன் டிரைவ் என்னும் கரையோர நடைபாதை அமைந்தது. அங்கிருந்து நீர்ப்பரப்புக்கு அப்பால் நோக்கினால் மட்டாஞ்சேரி. மிளகும் இஞ்சியும் ஏலமும் அடுக்கிய பழைய பண்டகசாலைகளின் ஊர்.

இவ்வூரில் காலையில் இருவகை மனிதரைக் காணலாம். உடலின் எடையைக் குறைக்க வேண்டுமென்று கரையோரப் பாதையில் விரைந்து நடப்போர் ஒரு வகையினர். சும்மாட்டின்மேல் மூட்டையை ஏற்றி, அதே நேரத்தில் சந்தைக்குள் நடப்போர் மற்றொரு வகையினர். முன்னவர் செய்வது பயிற்சி. பின்னவர் செய்வது தொழில். இரண்டிலும் கால் அறிவது ஒன்றே: தன்மீது விழும் சுமை எவ்வளவு, அது எத்தனை முறை விழுகிறது, இடையே ஓய்வு உண்டா என்பனவே அவை.

சிறிது பின்னோக்கிப் பார்த்தால், இன்று நாம் பயிற்சி என்று பெயரிட்டழைப்பன அனைத்தும் இக்கரைகளில் ஒரு காலத்தில் பிழைப்புக்கான தொழில்களாக இருந்தமை புலப்படும். ஓட்டத்துக்கு எடுத்துக்காட்டு அஞ்சலோட்டக்காரர். திருவிதாங்கூரும் கொச்சியும் தமக்கெனத் தனித்தனி அஞ்சல் துறைகளை நடத்திவந்தன. 1951இல் அவை இந்திய அஞ்சல் துறையோடு இணையும்வரை நிலைபெற்றிருந்தன. மணி கட்டிய கோலைக் கையில் ஏந்தி, கடிதப் பையைச் சுமந்து, மணியோசை கேட்டு மக்கள் வழிவிட ஓடியவர் அந்த அஞ்சற்காரர். துடுப்பு வலித்தலுக்கு எடுத்துக்காட்டு காயலில் வள்ளம் செலுத்தியோர். நீரில் நின்று செய்யும் பயிற்சிக்கு எடுத்துக்காட்டு காயலில் இறங்கிச் சிப்பி அள்ளுவோர். நெடுநேரம் நிற்பதற்கு எடுத்துக்காட்டு கொச்சிக் கோட்டைப் பகுதியின் தமிழ் வண்ணார். டச்சுக்காரர் காலத்தில் தம் முன்னோர் தமிழ் நிலத்திலிருந்து அழைத்துவரப்பட்டனர் என்பது அவர்களிடையே வழங்கும் மரபுரை. நடைக்கு எடுத்துக்காட்டு, மேலே கூறிய சுமைத் தொழிலாளரே.

இவர்களுடைய கால்கள் எவ்வளவு சுமந்தன என்பதை அன்று எவரும் அளந்து பார்க்கவில்லை. அளக்கும் கலை வேறிடத்தில், வேறு நோக்கத்துடன் வளர்ந்துகொண்டிருந்தது. இத்தாலிய அறிஞர் பொரேல்லி, விலங்குகளின் இயக்கத்தைப் பற்றி எழுதி 1680இல் வெளிவந்த நூலில், எலும்புகளை நெம்புகோல்களாகவும் தசைகளை அவற்றை இழுக்கும் கயிறுகளாகவும் கொண்டு கணக்கிட்டார். தசை மூட்டுக்கு மிக அருகில் பற்றியிருப்பதால், சிறு சுமையைத் தூக்கவும் அது பெருவிசையுடன் இழுக்க வேண்டியிருக்கிறது என்பதை அவர் கண்டார். 1836இல் செருமானியச் சகோதரர்களான வெபர் இருவர் மனித நடையைப் பற்றித் தனிநூல் வெளியிட்டனர். பிரெஞ்சு உடலியலறிஞர் எத்தியேன் ழூல் மரே என்பவர் ஒரு படி மேலே சென்றார். காற்றடைத்த அறையொன்றைக் காலணியின் அடியில் வைத்து, அதிலிருந்து செல்லும் குழாயினால் ஒரு முள்ளை அசைத்து, பாதம் தரையை அழுத்தும் நேரத்தையும் அளவையும் கோடாக வரையச் செய்தார். 1873இல் வெளிவந்த அவருடைய நூலில் அம்முறை விளக்கப்பட்டது. அதற்குப்பின் தரையில் பதிக்கும் விசைத் தட்டுகள் தோன்றின. இன்று ஆய்வுக்கூடத்துத் தட்டொன்றின்மேல் நாம் நடந்து சென்றால், ஒவ்வொரு நொடியிலும் தரை நம்மை எவ்வளவு விசையுடன் தாங்கியது என்பதை நுட்பமாக அறியலாம்.

அத்தட்டு கூறும் உண்மைகளை 60 கிலோ எடையுள்ள ஒருவரைக் கொண்டு விளக்குவோம். அவர் இரண்டு கால்களையும் ஊன்றி அமைதியாக நின்றால், ஒவ்வொரு பாதத்தின்கீழும் 30 கிலோ விழுகின்றது. நடந்தாலோ ஒவ்வோர் அடியிலும் உடல் சிறிது எழுந்து சிறிது தாழ்கின்றது. தாழும் உடலைத் தடுத்து நிறுத்தும் வேலையும் பாதத்துக்கு வந்து சேர்கின்றது. ஆகவே இயல்பான நடையில் ஊன்றிய பாதத்தின்கீழ் உச்ச விசை உடல் எடையைப்போல் 1.1 மடங்கு அல்லது 1.2 மடங்கு ஆகும். அதாவது 66 முதல் 72 கிலோ வரை. ஓடினால் அது 2 மடங்கிலிருந்து 3 மடங்கு வரை உயர்கின்றது. 2.5 மடங்கு என்று கொண்டால் 150 கிலோ.

ஓட்டத்தில் சுமை இவ்வாறு பெருகுவது ஏன்? நடையில் ஒரு பாதமேனும் எப்போதும் தரையில் இருக்கும். ஓட்டத்தில் இரண்டு பாதங்களும் தரையை விட்டெழும் கணமொன்று உண்டு. அக்கணத்தில் தரை நம்மைத் தாங்குவதில்லை. புவியின் ஈர்ப்போ நம்மை விடுவதுமில்லை. தாங்காமல் விட்ட நேரத்துக்கும் சேர்த்து, தொட்டிருக்கும் சிறு நேரத்திலேயே தரை தாங்கித் தீர்க்க வேண்டும். கொடுக்க வேண்டிய கடனைக் குறித்த நாளில் கொடாதவன் பின்னர் வட்டியும் முதலுமாகக் கொடுப்பதைப் போன்றது இது. கயிறு தாண்டுதலுக்கும் துள்ளி ஆடும் ஆட்டப் பயிற்சிக்கும் இவ்விதியே பொருந்தும். ஒரு கால் எப்போதும் தரையில் இருக்குமாறு ஆடும் மென்மையான ஆட்டத்தில் உச்ச விசை உடல் எடையை ஒட்டியே நிற்க, துள்ளியாடும் ஆட்டத்தில் அது ஏறத்தாழ இரு மடங்காகின்றது. துள்ளும் உயரம் கூடக்கூட, அளவும் கூடும்.

பாதத்தின்கீழ் விழும் விசை இதுவாயின், முழங்காலுக்குள் விழுவது என்ன? இங்கேதான் பொரேல்லியின் நெம்புகோல் நினைவுக்கு வருகின்றது. மூட்டின்மேல் உடலின் எடை மட்டும் விழுவதில்லை. அவ்வெடையைச் சாயாமல் நிறுத்தத் தசைகள் இழுக்கும் இழுப்பும் சேர்ந்து விழுகின்றது. இதனை வெளியிலிருந்து கணக்கிட்டு அறியலாமேயன்றி நேரில் அளப்பது எங்ஙனம் என்ற வினா நெடுநாள் நின்றது. 1966இல் சுவீடன் நாட்டு மருத்துவர் ரைடெல் என்பவர், அளவுகருவி பொருத்திய செயற்கை இடுப்பு மூட்டினைக் கொண்டு, உயிருள்ள மனிதரின் உடலுக்குள்ளேயே விசையை அளந்த முடிவுகளை வெளியிட்டார். பின்னர்ப் பெர்லின் நகரத்து ஆராய்ச்சியாளர் அவ்வழியை மிகவும் வளர்த்தனர். 2010இல் அவர்கள் செயற்கை முழங்கால் பொருத்தப்பட்ட சிலரிடம் கண்டு வெளியிட்ட சராசரி அளவுகள் நாம் மனத்தில் பதித்துக்கொள்ளத் தக்கவை.

இரு கால்களால் நிற்கும்போதே ஒவ்வொரு முழங்காலிலும் உடல் எடையளவு விசை விழுகின்றது. சமதரையில் நடக்கும்போது அது 2.6 மடங்கு. படியேறும்போது 3.2 மடங்கு. படியிறங்கும்போது 3.5 மடங்கு. ஏறுவதே கடினம் என்று நம் மூச்சு கூறுகின்றது. இறங்குவதே கடினம் என்று முழங்கால் கூறுகின்றது. இரண்டும் தத்தம் கணக்கில் உண்மையே. இருக்கையில் அமர்ந்து மெதுவாக மிதிவண்டி மிதிக்கும்போதோ, அவ்விசை உடல் எடையை ஒட்டியோ சற்று மிகுந்தோ அமைகின்றது. நடையின் பாதி என்று கொள்ளலாம். இதன் காரணம் எளிது. வண்டியில் உடலின் எடையை இருக்கையும் கைப்பிடியும் ஏற்றுக்கொள்கின்றன. கால் தள்ளுவது சக்கரத்தை மட்டுமே. துடுப்பு வலித்தலிலும் எடை இருக்கையின்மேல் தங்குகின்றது. கால்கள் உந்துகின்றன, தாங்குவதில்லை.

சென்னை நகரத்துத் தெருக்களின் வரலாறும் இதற்கொரு சான்று தரும். ஒரு மனிதன் மற்றொரு மனிதனை ஓடியிழுத்துச் செல்லும் கைரிக்ஷாவைத் தமிழ்நாட்டு அரசு 1973இல் ஒழித்தது. இழுத்தோருக்கு மிதிரிக்ஷாக்கள் வழங்கப்பட்டன. மனிதத் தன்மைக்கு ஒவ்வாத தொழில் நீங்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். கால்களின் கணக்கிலும் அது ஒரு மாற்றமே: ஓடிய கால்கள் இருக்கையில் அமர்ந்து மிதிக்கும் கால்களாயின. மிதிரிக்ஷாவின் உழைப்பு எளிதென்று நாம் கூறவில்லை; மூச்சுக்கும் தொடைத் தசைகளுக்கும் அது கடும் உழைப்பே. தரையில் மோதும் மோதலிலிருந்து மட்டுமே கால் தப்பியது.

நீரின் செயல் இன்னும் வியப்புக்குரியது. நீரில் அமிழ்ந்த பொருள், தான் விலக்கிய நீரின் எடையளவு தன் எடையில் குறைகின்றது என்பது ஆர்க்கிமிடீசு கண்ட விதி. மனித உடல் நீரினும் சிறிதளவே வேறுபட்ட அடர்த்தி உடையது. ஆதலால் இடுப்பளவு நீரில் நிற்பவரின் பாதம் தாங்குவது அவருடைய எடையில் ஏறத்தாழப் பாதி. மார்பளவு நீரில் மூன்றில் ஒரு பங்கு. கழுத்தளவு நீரில் பத்தில் ஒரு பங்கு. நம் 60 கிலோ மனிதர் கழுத்தளவு நீரில் 6 கிலோ மனிதராகிவிடுகின்றார். நீந்தத் தொடங்கினால் பாதத்துக்குத் தாங்கும் வேலையே இல்லை. காயலில் இறங்கி நிற்கும் சிப்பித் தொழிலாளிக்கு வேறு இன்னல்கள் பல இருக்கலாம். முழங்காலின்மேல் விழும் எடை அவற்றுள் ஒன்றன்று.

இனி, நம் கொச்சித் தெருவுக்குத் திரும்பி, இதுவரை கண்ட எண்களை மூட்டை சுமப்பவர்மேல் வைத்துப் பார்ப்போம். கேரளத்தின் சுமைத் தொழிலாளர் சட்டம் 1978இல் இயற்றப்பட்டது. அச்சட்டத்தின்கீழ் ஒருவர் சுமக்கத்தக்க உச்ச அளவாக 75 கிலோ நெடுங்காலம் இருந்தது. 60 கிலோ எடையுள்ள தொழிலாளி 75 கிலோ மூட்டையை ஏற்றிக்கொண்டால் மொத்த எடை 135 கிலோ. நடையின் 1.1 மடங்கைப் பெருக்கினால், ஒவ்வோர் அடியிலும் பாதத்தின்கீழ் விழுவது 148 கிலோவுக்கு மேல். கரையோரப் பாதையில் ஓடுபவரின் பாதத்தில் விழுவது 150 கிலோ என்று முன்னர்க் கண்டோம். ஆகவே பிராட்வேயில் மூட்டையோடு நடப்பவர், ஒவ்வோர் அடியிலும் ஓடுபவருக்கு நிகரான சுமையைத் தாங்குகின்றார். ஓடுபவரின் பாதம் தரையைத் தொட்டிருப்பது ஏறத்தாழக் கால் நொடி. நடப்பவரின் பாதம் அதனினும் இருமடங்கு நேரத்துக்கு மேல் ஊன்றியிருக்கும். ஓடுபவர் அரைமணியில் நிறுத்திவிட்டு இளநீர் அருந்தலாம். சுமப்பவருக்கு வண்டி காலியாகும் வரையில் நிறுத்தமில்லை. அரிசி மூட்டைகள் 100 கிலோவாக வந்த நாட்களில் கணக்கு 176 கிலோவைத் தொட்டது.

மட்டாஞ்சேரித் துறைமுகத்தின் வரலாற்றில் அக்கால்கள் பட்ட பாடு இன்னும் கொடிது. அங்கு சாப்பா என்றொரு முறை வழங்கிற்று. அன்றைய வேலைக்கு ஆள் வேண்டும்போது, ஒப்பந்தக்காரரின் ஆட்கள் உலோக வில்லைகளைக் கூட்டத்தின்மேல் வீசுவர். பாய்ந்து பொறுக்கியவர்க்கு வேலை, ஏனையோர்க்குப் பட்டினி. மூட்டையைச் சுமக்கும் முன்னரே, சுமக்கும் உரிமைக்காக ஒருவரையொருவர் மிதித்துக்கொள்ள வேண்டிய நிலை. அம்முறையை எதிர்த்துத் தொழிலாளர் நடத்திய போராட்டத்தில், 1953 செப்டம்பர் 15ஆம் நாள் மட்டாஞ்சேரியில் காவல்துறையினர் துப்பாக்கிச் சூடு நடத்தினர். சைது, சைதலவி, அந்தோணி ஆகியோரின் பெயர்கள் அப்போராட்டத்தின் தியாகிகளாக இன்றும் நினைக்கப்படுகின்றன. பின்னர்ச் சாப்பா முறை ஒழிந்தது. மலையாளத்தில் 2023இல் வெளிவந்த ‘துறைமுகம்’ என்னும் திரைப்படம் இவ்வரலாற்றைப் பொருளாகக் கொண்டது.

அதே 1953ஆம் ஆண்டின் இறுதியில், இலண்டன் மாநகரில் மற்றொரு செய்தி வெளியாயிற்று. ஜெரமி மாரிஸ் என்னும் மருத்துவரும் அவருடைய தோழர்களும், அந்நகரின் இரண்டடுக்குப் பேருந்துகளில் பணிபுரிவோரை ஆராய்ந்தனர். ஓட்டுநர் நாள்முழுதும் அமர்ந்திருப்பவர். நடத்துநரோ பயணச்சீட்டு வழங்குவதற்காக மாடிப்படியில் நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான படிகள் ஏறி இறங்குபவர். ஒரே நிறுவனம், ஒத்த வாழ்க்கைநிலை. எனினும் இருதய நோய் ஓட்டுநர்களிடம் மிகுந்தும் நடத்துநர்களிடம் குறைந்தும் காணப்பட்டது. காலின் உழைப்பு இருதயத்துக்குக் காப்பு என்னும் கருத்துக்கு அறிவியல் அடித்தளமிட்ட ஆய்வுகளுள் அது முதன்மையானது. 1968இல் அமெரிக்க விமானப்படை மருத்துவர் கென்னத் கூப்பர் தம் நூலின் வாயிலாக ஏரோபிக்ஸ் என்னும் சொல்லை உலகெங்கும் பரப்பினார். அமர்ந்து வேலை செய்வோர் பெருகிய உலகம், இழந்த உழைப்பைப் பயிற்சியாக மீட்டுக்கொள்ளத் தொடங்கிற்று.

ஒரே ஆண்டில் நிகழ்ந்த இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஓர் ஐயம் எழும். உழைப்பு நன்மையெனின், மட்டாஞ்சேரித் தொழிலாளி உலகிலேயே நலமிக்கவராக அன்றோ இருந்திருக்க வேண்டும்? ஏன் அவ்வாறு இல்லை? இதற்கு விடை காலின் கணக்கில் உள்ளது. நடத்துநர் சுமந்தது தம் உடலை மட்டுமே. அதனைத் தம் போக்கில், இடையிடையே நின்று, ஏற்றி இறக்கினார். குந்துதலும், மண்டியிடுதலும், பெருஞ்சுமை தூக்குதலும் நெடுங்காலம் தொடரும் தொழில்களில் முழங்கால் தேய்வு மிகுதி என்பது பல நாட்டு ஆய்வுகளில் தெளிவாகியுள்ளது. பொழுதுபோக்காக மிதமாக ஓடுவோரிடம் அத்தகைய மிகுதி காணப்படவில்லை. இருவருடைய பாதத்திலும் விழும் உச்ச விசை ஒன்றாயினும் விளைவு ஒன்றாகவில்லை. அளவும், நேரமும், ஓய்வும் தன் கையில் உள்ளவனுக்குச் சுமை பயிற்சியாகின்றது. பிறர் கையில் உள்ளவனுக்கு அதுவே தேய்வாகின்றது.

ஓட்டத்தைப் பற்றி அஞ்சுவோர்க்கு ஒரு செய்தியையும் கூற வேண்டும். ஓர் அடிக்கு இவ்வளவு என்று பார்த்தால் ஓட்டம் முழங்காலுக்குப் பெருஞ்சுமையே. ஆனால் ஓடுபவர் ஒரு கிலோமீட்டரை நடப்பவரைவிடக் குறைந்த அடிகளில் கடக்கின்றார். ஒவ்வோர் அடியிலும் பாதம் தரையில் இருக்கும் நேரமும் குறைவு. ஆகவே கடந்த தொலைவுக்கு மொத்தமாகக் கூட்டினால், நடைக்கும் ஓட்டத்துக்கும் முழங்கால் தாங்கும் சுமையில் பெரிய வேறுபாடில்லை என்று 2014இல் அமெரிக்க ஆய்வாளர் சிலர் கணக்கிட்டனர். பழகிய, வலியற்ற கால்களுக்கு ஓட்டம் பகையன்று. பழகாத கால்களை ஒரே நாளில் ஓடவைப்பதே பகை.

இவற்றைக் கேட்டபின், சுமையே இல்லாத பயிற்சியே சிறந்ததென்று நேயர்கள் முடிவு செய்தல் கூடாது. எலும்பு கல்லன்று, அது உயிருள்ள பொருள். தன்மேல் விழும் சுமைக்கு ஏற்பத் தன்னை அமைத்துக்கொள்ளும் இயல்புடையது. செருமானிய மருத்துவர் ஜூலியஸ் உல்ஃப் 1892இல் இவ்விதியை விரித்துரைத்தார். இதன் மறுபக்கத்தை விண்வெளி காட்டிற்று. எடையற்ற நிலையில் மாதக்கணக்கில் தங்கிய விண்வெளி வீரர்களின் இடுப்பெலும்பு, திங்களொன்றுக்கு 1 முதல் 1.5 விழுக்காடு வரை தாதுச் செறிவை இழந்தது. நெடுங்காலம் மிதிவண்டி ஒன்றையே பயிற்சியாகக் கொண்ட பந்தய வீரர்கள் பலருக்கு, ஓடுவோரைவிட எலும்புச் செறிவு குறைந்திருத்தலும் கண்டறியப்பட்டுள்ளது. நீச்சலுக்கும் இது பெரும்பாலும் பொருந்தும். முழங்காலுக்கு இனிய பயிற்சி எலும்புக்குப் போதிய பயிற்சியாக அமைவதில்லை. கால் சுமக்கத்தான் வேண்டும். தாங்கும் அளவுக்குச் சுமக்க வேண்டும்.

ஆகவே தேர்வு அவரவர் நிலைக்கேற்ப அமைதல் வேண்டும். முழங்கால் தேய்ந்து வலியுள்ளவர்கள், வலி தணியும்வரை மிதிவண்டியையும் இடுப்பளவு அல்லது மார்பளவு நீரில் நடத்தலையும் மேற்கொள்ளலாம். படியேற நேர்ந்தால் மெல்ல ஏறி, இறங்கும்போது கைப்பிடியைப் பற்றிக்கொள்ளலாம். எலும்பு மெலியும் வயதினர், குறிப்பாக மாதவிடாய் நின்ற பெண்கள், மூட்டு இடங்கொடுக்குமாயின் நடையைக் கைவிடலாகாது. இரண்டு குறையும் உடையவர்கள் ஒருநாள் நடை, ஒருநாள் மிதிவண்டி என்று மாற்றிச் செய்யலாம். உடல் பருத்தவர்க்கு ஊக்கமளிக்கும் எண்ணொன்று உண்டு: முழங்கால் தேய்வுள்ள பருத்த முதியோரை ஆராய்ந்து 2005இல் வெளியிட்ட கணக்கின்படி, எடையில் 1 கிலோ குறைந்தால், நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் சுமை ஏறத்தாழ 4 கிலோ குறைகின்றது. உலகச் சுகாதார நிறுவனம் வளர்ந்தோர்க்கு வாரத்தில் 150 நிமிடமேனும் மிதமான பயிற்சி வேண்டும் என்கின்றது. அவ்வளவையும் ஒரே வகைப் பயிற்சியால் நிறைவேற்ற வேண்டும் என்னும் கட்டாயமில்லை.

சுமை தூக்குவோர்க்கு உலகம் என்ன செய்தது என்பதையும் பார்ப்போம். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967இல் மனிதர் சுமக்கத்தக்க உச்ச எடையைப் பற்றி உடன்படிக்கை ஒன்றை ஏற்றது. அதனோடு இணைந்த பரிந்துரை, வளர்ந்த ஆணுக்கு 55 கிலோவை எல்லையாகக் காட்டிற்று. இந்தியா அவ்வுடன்படிக்கையை 2010இல் ஏற்றுக்கொண்டது. கேரள அரசும் தன் 75 கிலோ அளவினை 55 கிலோவாக்க முடிவெடுத்தது. நம் கணக்கில் இட்டால், 60 கிலோ தொழிலாளியின் ஒவ்வோர் அடியிலும் 22 கிலோ குறைகின்றது. நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான அடிகள் என்று கொண்டால் அது சிறு தொகையன்று.

சுமக்கும் முறையையும் அறிஞர் ஆராய்ந்தனர். தத்தா, இராமநாதன் என்னும் இந்திய ஆய்வாளர் இருவர், 30 கிலோ சுமையை ஏழு வகைகளில் சுமக்கச் செய்து, எது உடலுக்குக் குறைந்த செலவு வைக்கின்றது என்று 1971இல் வெளியிட்டனர். மார்பிலும் முதுகிலும் சரிபாதியாகக் கட்டிச் சுமப்பது முதலிடம் பெற்றது. தலைச்சுமை அதற்கு அடுத்த நல்ல வரிசையில் நின்றது. இரு கைகளிலும் தொங்கவிட்டுச் சுமப்பது கடைசி இடம் பெற்றது. 2005இல் நேபாளத்துச் சுமையாளரை ஆராய்ந்தோர் மற்றொன்றையும் கண்டனர். அம்மலைவழிகளில் ஆண்கள் சராசரியாகத் தம் எடையில் 93 விழுக்காடும், பெண்கள் 66 விழுக்காடும் சுமந்து சென்றனர். அவர்கள் மெல்ல நடந்தனர். அடிக்கடி நின்று இளைப்பாறினர். சுமையை இறக்காமலே அடியில் முட்டுக்கொடுத்து நிற்க, அந்நாட்டுச் சுமையாளர் கைத்தடியொன்றை உடன்கொண்டு செல்வது வழக்கம்.

இந்த அறிவு நம் முன்னோர்க்குப் புதிதன்று. தமிழகத்தின் பழைய சாலையோரங்களில் இரண்டு கற்களை நட்டு, மேலே ஒரு கல்லைப் படுக்கவைத்த சுமைதாங்கியைக் கண்டிருக்கிறோம். கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக, அவள் இறக்கிவைக்காத சுமையைப் பிறரேனும் இறக்கிவைக்கட்டும் என்ற எண்ணத்தால் அதனை நிறுவுவது வழக்கம். கேரளத்தில் அதன் பெயர் அத்தாணி. கொச்சிக்கு வடக்கே விமான நிலையத்தை அடுத்து அப்பெயரிலேயே ஓர் ஊர் உண்டு. அக்கல் தலைச்சுமையின் உயரத்துக்கு அருகில் அமைந்திருப்பதைக் கருதுக. சுமப்பவர் குந்த வேண்டியதில்லை, மண்டியிட வேண்டியதில்லை, பிறர் துணையும் வேண்டியதில்லை. நின்றபடியே சுமையைக் கல்லின்மேல் நகர்த்தி, இளைப்பாறி, மீண்டும் நின்றபடியே ஏற்றிக்கொள்வார். முழங்காலுக்குப் பெருந்துன்பம் தரும் குந்தியெழுதலை அக்கல் முழுவதும் நீக்கிவிடுகின்றது. விசைத் தட்டு தோன்றுமுன்பே சுமைதாங்கியை நட்டவர்கள் காலின் கணக்கை அறிந்திருந்தனர் என்றே கொள்ள வேண்டும்.

இன்று சாலைகள் அகன்றன, அக்கற்கள் பலவும் பெயர்த்தெறியப்பட்டன, வண்டிகள் வந்துவிட்டன. எனினும் குறுகிய கடைத்தெருக்களில் வண்டி நுழையாத கடைசிச் சில அடிகளை மனிதக் கால்களே இன்றும் கடக்கின்றன. உந்துவண்டி செல்லத்தக்க சமதளமும், 55 கிலோவுக்கு மேற்படாத மூட்டையும், சுமை இறக்கத் தலையுயரத்து மேடையும் அத்தெருக்களுக்கு வேண்டும். கரையோரம் நடப்பவர் தம் முழங்காலுக்கு நல்ல காலணியும் நல்ல பாதையும் நாடுகின்றார். சந்தையில் நடப்பவரின் முழங்காலும் அதே எலும்பாலும் அதே குருத்தெலும்பாலும் ஆனது. அதற்கு உரியதையும் அளந்து கொடுப்பதே முறையாகும்.